எண்ணெய்க்குச் சட்டம், உழைப்புக்கு உபதேசமா?



செம்பனை எண்ணெயில் செய்த டீசலைக் கலந்து லோரி ஓட்டலாம். மறுநடவு நடக்கும்வரை இந்த எரிபொருள் தீராது என்கிறார்கள். உண்மைதான், நாம் மறுக்கவில்லை. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலேயே டீசல் எந்திரம் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடியது.

இந்த எண்ணெய்க்கு நம் அரசாங்கம் செய்த உபகாரத்தைப் பாருங்கள். 2006இல் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை. 2007இல் அத்தொழிலுக்கென ஒரு சட்டம். 2011இல் டீசலில் நூற்றுக்கு 5 பங்கு கலக்கத் தொடங்கினர். 2019இல் வாகன டீசலில் அது 10 பங்காயிற்று. 2020இல் லங்காவியில் 20 பங்குக் கலப்பும் தொடங்கியது. வண்டிக்காரர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் வாங்கியே தீரவேண்டும். சரக்குத் தேங்கி விலை சரியாதிருக்க, சட்டமே கொள்வோரைத் தேடித் தந்தது. நன்று!

ஆனால், கூலி உயர்வு என்று நாம் வாய் திறந்தால், "சந்தை நிலவரத்தைப் பாருங்கள்" என்று உபதேசம் வருகிறது. முதலாளியின் சரக்கைச் சந்தையிடம் விடக்கூடாது. நம் உழைப்பை மட்டும் விடலாமா? இது எந்த ஊர் நியாயம்?

100 கிலோ குலைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 20 கிலோ எண்ணெய். அது நல்ல எண்ணெயாக வரவேண்டுமானால், பழுத்த குலையைக் கண்டு வெட்டவேண்டும். உதிரிப் பழத்தைப் பொறுக்கவேண்டும். நசுங்காமல் விரைவில் ஆலைக்கு அனுப்பவேண்டும். அடிபட்டுக் கிடந்த பழத்தில் அமிலம் ஏறும். அமிலம் ஏறிய எண்ணெயை மெத்தனாலும் காரமும் சேர்த்து அப்படியே டீசலாக்கப் போனால், பாதி வழியில் சவர்க்காரமாகும். ஆகவே, எந்திரம் சீராக ஓடுவதற்கான வேலை தோட்டத்திலேயே, வெட்டுகிறவர் கண்ணிலும் பொறுக்குகிறவர் முதுகிலும் தொடங்குகிறது. செக்ரோல் எழுதும் நமக்கு இது தெரியாததா?

குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட் ஆனது. அது பட்டினிக்குக் கட்டிய வேலி. விளைச்சலில் நமக்குரிய பங்கு எங்கே? எண்ணெய் விலை ஏறினால் கூலியும் ஏறவேண்டும். விலை இறங்கினால் அடிப்படைச் சம்பளம் இறங்கக்கூடாது. கலப்பை உயர்த்தச் சட்டம் எழுதும் பேனா இதையும் எழுதட்டும்!

செம்பனைக்கு 25 ஆண்டில் மறுநடவு உண்டு. முதுகு ஒடிந்த தொழிலாளியை மறுநடவு செய்ய முடியுமா?

தமிழரோ, மலாய்க்காரரோ, இந்தோனேசியரோ, வங்காளதேசத்தவரோ, குலை வெட்டும் கைகள் ஒரே கோரிக்கைக்காக உயரவேண்டும். சங்கத்தில் சேருங்கள்! சேர்ந்து கேளுங்கள்!