யார் இடத்தை யார் பறித்தது?

"பிரிட்டனில் உள்ளூர்ப் பிள்ளை மூன்று ஏ வாங்கினால்தான் சீட், வெளிநாட்டுப் பிள்ளைக்குப் பணம் இருந்தால் போதும்." சென்ற இதழில் கட்டுரையாளர் போட்டுடைத்த ரகசியம் இது. அதுவும் இரவல் சரக்கு. 2024 ஜனவரியில் லண்டன் 'சண்டே டைம்ஸ்' கிளப்பிய குற்றச்சாட்டு. அதற்கு வந்த மறுப்புகளில் ஒன்றைக்கூடப் புரட்டாமல் அப்படியே இறக்கியிருக்கிறார்.

உள்ளூர் மாணவர் பக்கம் அவர் எடுத்துக்கொண்டது, பட்டப்படிப்பில் நேரடியாகச் சேர வேண்டிய மதிப்பெண். வெளிநாட்டு மாணவர் பக்கமோ, அதற்கு முந்தைய ஃபவுண்டேஷன் ஆண்டில் சேர வேண்டிய மதிப்பெண். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு! இங்கிலாந்தில் பள்ளிப்படிப்பு 13 ஆண்டு, இந்தியாவில் 12. அந்த இடைவெளியை நிரப்பும் ஆண்டு அது. அதில் கேட்ட மதிப்பெண்ணை எடுத்தால்தான் பட்டப்படிப்பு. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் குறைந்த மதிப்பெண்ணில் சேரும் ஃபவுண்டேஷன் ஆண்டு உண்டு. இரண்டையும் ஆராய்ந்த கியூஏஏ என்ற தர மதிப்பீட்டு அமைப்பு, சேர்க்கைத் தகுதி ஏறத்தாழ சமம்தான் என்று 2024இலேயே சொல்லிவிட்டது.

நேரடிச் சேர்க்கையிலாவது சலுகை உண்டா? மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ முடித்தவரிடம், சிபிஎஸ்இ மாணவரிடம் கேட்பதைவிடக் கூடுதல் சதவீதம் கேட்கும் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் பல. ஆங்கிலத் தேர்வு தனி. இங்கிலாந்தில் அரசு வரையறுக்கும் மருத்துவ இடங்களில் வெளிநாட்டவருக்கு ஏறத்தாழ 7.5 சதவீதம்தான். பணம் பாதாளம் வரை பாயுமென்றால் அங்கே ஏன் பாயவில்லை?

அடுத்தது, 'இடத்தைப் பறிக்கிறார்கள்' என்ற ஒப்பாரி. மாணவர் எண்ணிக்கைக்கான உச்சவரம்பை இங்கிலாந்து 2015இலேயே நீக்கிவிட்டது. மருத்துவம் போன்ற சில படிப்புகள் தவிர, உள்ளூர் மாணவர் எத்தனை பேரைச் சேர்க்கவும் தடையில்லை. தடை கட்டணத்தில் இருக்கிறது. 2012இல் 9,000 பவுண்டாக இருந்த உள்ளூர்க் கட்டண வரம்பு 2017இல் 9,250 ஆனது. 2025 வரை அரசு அதைத் தொடவே இல்லை. விலைவாசி நிற்கவில்லை. வெளிநாட்டவர் கட்டணத்துக்கு வரம்பே இல்லாததால் 20,000, 30,000 என்று வசூலித்துப் பற்றாக்குறையை அடைக்கிறார்கள். ஆக, உள்ளூர்ப் பிள்ளையின் வகுப்பறைச் செலவில் ஒரு பங்கைச் சுமப்பவரையே கட்டுரையாளர் கொள்ளைக்காரராக்கியிருக்கிறார்.

பல்கலைக்கழகங்கள் இந்தப் பணத்தை நம்பியே காலம் தள்ளுகின்றன என்பதும், கமிஷனுக்காக ஏஜென்ட்டுகள் ஆசை காட்டுகிறார்கள் என்பதும் உண்மை. அதை எழுதியிருந்தால் நானே கைதட்டியிருப்பேன். ஆனால் அதற்கு அமைச்சர்களையும் துணைவேந்தர்களையும் கேள்வி கேட்க வேண்டும். கல்விக்கடன் வாங்கிப் போகிற பதினெட்டு வயதுப் பிள்ளையைத் திட்டுவது சுலபம். அவர் திருப்பிக் கேட்கமாட்டார்.

கட்டணத்தை முடக்கியது பிரிட்டிஷ் அரசு. விலை வைத்தது பல்கலைக்கழகம். விலையைக் கொடுத்தவர் மாணவர். இந்த மூவரில் குற்றவாளியாக மூன்றாமவரைப் பிடித்துக் கொடுக்கும் எழுத்துக்குப் பெயர் ஆய்வு அல்ல, அவதூறு.