விளையாட்டரங்கம்: மூன்று கோல்களின் கணக்கு



அடுகோடியிலும், அதனை அடுத்த ஆஸ்டின் டவுன், நீலசந்திரா முதலிய பகுதிகளிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குக் கால்பந்து புதியதன்று. தாத்தா ஆடியதைத் தந்தையும், தந்தை ஆடியதை மகனும் சொல்லிப் பெருமை கொள்ளும் இல்லங்கள் நம்மிடையே உண்டு. ஆயினும் அதே இல்லங்களில் மற்றொரு பேச்சும் அடிக்கடி எழுவதைக் கேட்கிறோம். "இத்தனை நாள் பந்தை உதைத்து என்ன கண்டாய்?" என்பதே அது. வெளியூர் அணிக்கு ஆடப் போன பிள்ளை ஓராண்டிற்குள் திரும்பி வந்துவிட்டாலோ, அப்பேச்சு ஏளனமாகவே மாறிவிடுகின்றது. பிழைப்பைத் தேடி ஊர்விட்டு ஊர் வந்த நாமே, போய்த் திரும்பியவனைத் தோற்றவன் என்று எண்ணலாமா? இவ்வினாவிற்கு விடை காண உதவும் விளையாட்டு வாழ்க்கை ஒன்றை இம்மாதம் எடுத்துக்கொள்வோம்.

இங்கிலாந்து நாட்டின் கால்பந்து லீக் ஏணிப்படி போன்றது. 1992ஆம் ஆண்டு முதல் அதன் உச்சியில் இருப்பது பிரீமியர் லீக். உலகமெங்கும் தொலைக்காட்சியில் காணப்படுவது அதுவே. அதற்குக் கீழே மேலும் மூன்று படிகளில் தொழில்முறை அணிகள் எழுபத்திரண்டு ஆடுகின்றன. ஒரு பருவத்திற்கு ஒவ்வோர் அணியும் 46 லீக் ஆட்டங்கள் ஆட வேண்டும். நடுக்கும் குளிர், சேறு படிந்த மைதானம், வாரத்திற்கு இரண்டு ஆட்டம், தோளோடு தோள் மோதும் பின்காவலர்கள் என இவையனைத்தையும் தாங்கி அங்கே ஓர் முன்னணி ஆட்டக்காரர் கோல் அடிக்க வேண்டும். அடித்தால் மேற்படிக்கு அழைப்பு வரும். அடிக்காவிடில் பெஞ்சில் அமர வேண்டியதுதான். பெயர் அறியப்படாமலே பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆடி ஓய்ந்தோர் அங்கு எண்ணற்றோர்.

இக்கீழ்ப்படியில் ஆடச் சென்றவர் நம் நாட்டின் பாய்ச்சுங் பூட்டியா. சிக்கிம் மாநிலத்தின் திங்கித்தம் என்னும் மலைக்கிராமத்தில் 1976இல் பிறந்தவர். கல்கத்தா ஈஸ்ட் பெங்கால் அணியில் 1993இல் சேர்ந்தபோது அவருக்கு வயது பதினாறு. பின்னர் பஞ்சாபின் ஜே.சி.டி. அணிக்குச் சென்றார். 1996-97இல் முதன்முறையாக நடந்த தேசிய லீக்கில் அவ்வணி வாகை சூடியது; மிகுதியான கோல்களை அடித்தவரும் அவரே. 1997 ஜூலை 13 அன்று சால்ட் லேக் அரங்கில் மோகன் பகானுக்கு எதிராக மூன்று கோல்கள் அடித்தார். அன்று அவ்வாட்டத்தைக் கண்டவர் 1,31,000 பேர்.

இத்துணைப் புகழ் பெற்றவர் 1999இல் கையொப்பமிட்டது எந்த அணிக்கு? மான்செஸ்டர் மாநகருக்கு வடக்கே உள்ள பெர்ரி என்னும் சிறு நகரத்தின் அணிக்கு. அக்காலத்தில் அது 'இரண்டாம் டிவிஷன்' எனப்பட்ட பிரிவில், அதாவது ஏணியின் மூன்றாம் படியில், ஆடிக்கொண்டிருந்தது. அதன் மைதானத்தில் சுமார் 12,000 பேரே அமரலாம். இலட்சம் பேர் முன் ஆடியவர் அங்கே புதிதாய் வந்த ஓர் ஆட்டக்காரர், அவ்வளவே. அவ்வாண்டு அக்டோபர் 3 அன்று கார்டிஃப் சிட்டிக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக முதலில் களமிறங்கினார். முதல் கோலோ 2000 ஏப்ரல் 15 அன்று, செஸ்டர்ஃபீல்டுக்கு எதிராக வந்தது. இடையில் ஆறு மாதத்திற்கு மேல் சென்றுவிட்டது. அக்குளிர்காலம் ஒரு மலைநாட்டு மகனுக்கும் நீண்டதாகவே இருந்திருக்கும்.

பின்னர் முழங்காலில் அடிபட்டது. அணியோ கடன்பட்டு 2002இல் நிர்வாகியின் பொறுப்பிற்குச் சென்றது. அதே ஆண்டில் கீழ்ப்படிக்கும் இறங்கியது. பூட்டியா தாயகம் திரும்பினார். மூன்று பருவங்களில் அவர் லீக்கில் ஆடியது 37 ஆட்டங்கள். அடித்தது 3 கோல்கள்.

கணக்குப் புத்தகத்தை மட்டும் நோக்குவோர் இதனை நட்டம் என்றே எழுதுவர். நாமும் வரவும் செலவும் எழுதிப் பழகியவரே. எனினும் ஆண்டு முடிவதற்கு முன் ஐந்தொகை போடலாகாது என்பதும் கணக்கின் விதியன்றோ?

திரும்பியபின் நடந்ததைப் பாருங்கள். 2003இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசியான் கிளப் போட்டியில் ஈஸ்ட் பெங்கால் கோப்பையை வென்றது. அப்போட்டியில் ஒன்பது கோல்கள் அடித்து முதலிடம் பெற்றவர் பூட்டியா. அதே ஆண்டில், தமிழர் பெருவாரியாக வாழும் மலேசியாவின் பேராக் மாநில அணிக்கும் ஆடினார். நெடுங்காலம் இந்திய அணியின் தலைவராக விளங்கினார். 2008இல் இந்தியா ஏ.எஃப்.சி. சேலஞ்ச் கோப்பையை வென்றது. அதன் பயனாக, 1984க்குப் பின் முதன்முறையாக 2011இல் ஆசியக் கோப்பையில் ஆடும் தகுதியும் கிட்டியது. 2012 ஜனவரியில் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் அணி டில்லிக்கு வந்து ஆட, அவர் விடைபெற்றார். பெர்ரியின் சேற்றில் கழித்த ஆண்டுகள் வீணாயின என்று இனி யார் கூறவல்லார்?

அவருக்கு முன்னரும் ஒருவர் சென்றதுண்டு. கல்கத்தாவின் முகமது சலீம் 1936இல் ஸ்காட்லாந்தின் செல்டிக் அணிக்காக வெறுங்காலில் இரண்டு ஆட்டங்கள் ஆடிக் காண்போரை வியக்கச் செய்தார். ஆனால் ஊர் நினைவு மேலிட்டதால் அங்குத் தங்காமல் திரும்பிவிட்டார். பிறந்த மண்ணின் ஏக்கம் எத்தகையது என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னும் அவ்விரண்டு ஆட்டங்கள் பேசப்படுகின்றன.

நம் பெங்களூருக்கும் இக்கணக்கில் பங்குண்டு. 1948 ஜூலை 31 அன்று, லண்டனை அடுத்த இல்ஃபோர்டில் நடந்த ஒலிம்பிக் ஆட்டத்தில் இந்தியா பிரான்சை எதிர்த்தது. நம்மவருள் பெரும்பாலோர் காலணி அணியவில்லை. பிரான்ஸ் ஒரு கோல் முன்னணியில் இருந்தபோது அதனைச் சமன் செய்தவர் பெங்களூரின் சாரங்கபாணி ராமன். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோல் அதுவே. கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாகி, இறுதியில் இந்தியா 2-1 என்று தோற்றது. தோற்ற ஆட்டத்தில் அடித்த ஒரே ஒரு கோல்! ஆயினும் அதனை வரலாற்றிலிருந்து அழிக்க ஒருவராலும் இயலாது.

அண்மைக் காலத்துச் செய்தியும் ஒன்றுண்டு. 2009இல் சுனில் சேத்ரி லண்டனின் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அணியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். அவ்வணி அப்போது இரண்டாம் படியில் இருந்தது. உலகத் தரவரிசையில் இந்தியா மிகவும் பின்தங்கியிருந்தமையால் இங்கிலாந்து அரசு அவருக்குத் தொழில் அனுமதி மறுத்தது. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டிக்கு 2010இலும், போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் லிஸ்பன் இரண்டாம் அணிக்கு 2012இலும் சென்றார். இரண்டிடத்தும் வாய்ப்புகள் சொற்பமே. 2013இல் புதிதாகத் தோன்றிய பெங்களூரு எஃப்.சி. அவரைச் சேர்த்துக்கொண்டது. முதல் பருவத்திலேயே அவ்வணி ஐ-லீக் வாகை சூடியது, 2018-19இல் ஐ.எஸ்.எல். கோப்பையும் வந்தது. வெளிநாட்டில் மறுக்கப்பட்டவரைப் போற்றி ஸ்ரீ கண்டீரவா அரங்கம் ஆர்ப்பரித்ததை நம்மவர் பலர் நேரிலே கண்டிருப்பர்.

இவற்றால் நாம் அறிவது யாது? முன்னணி ஆட்டக்காரரின் வாழ்வில் கோல் அடிக்காத நாள்களே மிகுதி. அந்நாள்களில் அவர் கற்பது பின்னொரு களத்தில் பயன் தருகிறது. அயலூரில் சிறிய இடம் கிடைத்தால் அது இழிவன்று. அங்கிருந்து திரும்புவதும் இழிவன்று.

அதே வேளையில் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். பூட்டியாவும் சேத்ரியும் பல்லாயிரத்தில் ஒருவர். ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். போன்ற தொழிற்சாலைகள் பந்தாடுவோருக்கு நிலையான வேலை கொடுத்துத் தம் அணிகளை வளர்த்த காலம் இவ்வூரில் இருந்தது. இன்று அவ்வாய்ப்பு அருகிவிட்டது. 1885இல் தோன்றி, இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை 1900, 1903 ஆகிய ஆண்டுகளில் வென்ற பெர்ரி அணியே பணமுடையால் 2019இல் லீக்கிலிருந்து நீக்கப்பட்டதென்றால், ஓர் ஆட்டக்காரரின் முழங்காலை மட்டும் நம்பி ஒரு குடும்பம் இருத்தல் தகுமோ? ஆகவே பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தலாகாது. காலையில் பயிற்சி, பகலில் பள்ளி, மாலையில் ஆட்டம் என்று வகுத்துக்கொண்டால் இரண்டும் நடக்கும்.

பிள்ளை மைதானத்திலிருந்து வீடு திரும்பியதும், "எத்தனை கோல் அடித்தாய்?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திவிடாதீர்கள். எவ்வளவு நேரம் ஆடினான், யாருக்குப் பந்தை எடுத்துக் கொடுத்தான், காலில் அடிபட்டதா என்றும் கேளுங்கள். வெளியூர் சென்று வெறுங்கையோடு வந்தால் முதலில் சோறிடுங்கள். கணக்கைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்.