தேவனுக்கு எதற்கு இந்த இரவல் பட்டம்?

ஹடப்சரில் பக்கத்து ஃப்ளாட் மராத்தி நண்பர் கேட்டார்: "எங்க பு.ல.தேஷ்பாண்டே மாதிரி உங்க தமிழில் யார்?"

"தேவன். தமிழ் வோட்ஹவுஸ்" என்றேன். சொன்னதும் எனக்கே கூசியது. அவர் பு.ல.வை மராத்தி வோட்ஹவுஸ் என்றா சொன்னார்?

இந்தப் பட்டத்தை மூட்டை கட்டுங்கள் சாமி! வோட்ஹவுஸ் எனக்கும் பிடிக்கும். லண்டனில் இரண்டு வருஷம் பேங்க்கில் குப்பை கொட்டியவர், ஒரு வகையில் நம்மாள். அவருடைய ஆட்களும் கடன் கேட்பார்கள்தான். ஆனால் அரிசி வாங்கக் காசில்லை என்ற கவலை யாருக்கும் கிடையாது. தேவனின் ஸ்ரீமான் சுதர்சனமோ ஆபீஸ் பணத்தில் கை வைத்துவிட்டுத் தவிக்கிற குமாஸ்தா. அந்த மாசக் கடைசி பயம் வோட்ஹவுஸிடம் ஏது?

காப்பி அடிக்க வேண்டியது வேறு விஷயத்தை. எவ்ரிமேன் பதிப்பகம் 2000 முதல் 2015 வரை வோட்ஹவுஸை 99 தொகுதிகளாக, ஒரே மாதிரி கட்டில் கொண்டுவந்தது. தேவன் 1957-ல், 43 வயதில் போய்விட்டார். விகடன் தொடர்கள் புத்தகமானதை அவர் பார்க்கவில்லை. நான் ஒவ்வொன்றாக, ஊருக்குப் போகும்போதெல்லாம் தேடித்தான் சேர்த்தேன்.

விகடனில் வந்த தேதியோடு, படங்களோடு, மொத்த தேவனும் ஒரே வரிசையாக வரட்டும். பட்டம் கொடுத்தது போதும் மக்களே, புத்தகம் போடுங்கள்!