கனவில் கூட்டம் ஏன் திரும்பிப் பார்ப்பதில்லை?

கடைத்தெருவின் நடுவிலோ தேர்வுக்கூடத்திலோ கல்யாணப் பந்தியிலோ இருக்கும்போது, உடம்பில் ஒட்டுத்துணி இல்லை என்பது சட்டென்று உறைக்கிறது. ஓடக் கால் வரவில்லை. ஒளிய மறைவு இல்லை. விழித்ததும் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறோமே தவிர, யாரிடமும் சொல்வதில்லை. பல் விழுந்த கனவையும் பாம்பு துரத்திய கனவையும் காலைக் காப்பியோடு பேசித் தீர்க்கும் வீடுகளில்கூட இந்தக் கனவுக்கு மட்டும் வாய்ப்பூட்டு. அதனால்தான் பொருள் தேடுகிறவர்கள் ரகசியமாகக் கனவுப் பலன் புத்தகத்தையும் காணொளியையும் நாடுகிறார்கள். ஒன்று சொன்னதை இன்னொன்று மறுக்கும். ஆனால் எல்லாமே ஒரே இடத்தில்தான் தடம் மாறுகின்றன: அம்மணத்துக்கு என்ன பொருள் என்று கேட்கின்றன. கேட்க வேண்டியது, சுற்றி நின்ற கூட்டத்தைப் பற்றி.

தமிழில் இந்தக் கனவுக்கு மிகப் பழைய சாட்சி சிலப்பதிகாரம். அடைக்கலக் காதையில், மதுரையின் புறஞ்சேரியில் மாடலன் என்ற மறையவனைச் சந்திக்கும் கோவலன், தான் கண்ட கெட்ட கனவைச் சொல்கிறான். ஓர் இழிந்தவனால், அரசன் வாழும் நகரில், கண்ணகி துயரத்தில் நடுங்க, தன் ஆடை பறிக்கப்பட்டு ஒரு விலங்கின் மேல் ஏறிச் செல்வதாகக் கனவு. பொற்கொல்லன் சூழ்ச்சியும் கொலையும் பின்னால் வருவதால், பலன் பலித்ததற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்பார்கள். கதையின் முடிவு தெரிந்த புலவன் எழுதிய கனவு பலிக்காமல் போகுமா? எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அந்தக் காட்சியில் இளங்கோ யாரையெல்லாம் நிறுத்தினார் என்பது. ஆடை போனது தனியறையில் இல்லை, தலைநகரில். பார்த்து நடுங்குகிறவள், அவனால் எல்லாவற்றையும் இழந்த மனைவி. குடிப்பெருமையையும் பொருளையும் தொலைத்துவிட்டு, அவளுடைய சிலம்பை விற்றுப் பிழைக்க வந்திருக்கும் வணிகன் மகன் அவன். நாளைய கொலையை ஒதுக்கிவைத்துப் படித்தாலும் அந்தக் கனவு புரிகிறது. அது அன்றைய வெட்கத்தின் கனவு.

பார்வையாளர்களைக் கூர்ந்து கவனித்தவர் பிராய்டு. 1899 நவம்பரில் வெளிவந்து, 1900 என்று ஆண்டு அச்சிடப்பட்ட ‘கனவுகளின் விளக்கம்’ நூலில் இந்தக் கனவுக்கெனத் தனியிடம் ஒதுக்கினார். கனவு காண்பவர் கூனிக் குறுகுகிறார். சுற்றியிருப்பவர்களோ முகம் தெளியாத அந்நியர்கள், யாரும் சிரிப்பதில்லை, யாரும் அதட்டுவதில்லை. ஆண்டர்சனின் ஆடையில்லாத அரசன் கதையையும் இதனோடு இணைத்துப் பேசினார். கவனிப்பு அபாரம். அவர் சொன்ன காரணம்தான் இடிக்கிறது. ஆடையின்றித் திரிந்து மகிழ்ந்த குழந்தைப் பருவத்துக்குத் திரும்பும் ஆசையே இந்தக் கனவு, பின்னால் வந்த தடைதான் கூச்சமாகிறது என்றார். அரைஞாண் கயிறு மட்டுமே உடையாகத் தெருவில் ஓடித் திரிந்த குழந்தைகளை யாரும் ஏசாத ஊர்கள் நம்முடையவை. அங்கே வளர்ந்தவருக்கும் இதே கனவு வருகிறதென்றால், வியன்னாவின் வளர்ப்பறைக் கண்டிப்பில் காரணம் தேடுவது எப்படிப் பொருந்தும்? அதோடு, கனவில் உள்ள வெட்கத்தையே ஆசைக்குச் சாட்சியாக்கும் விளக்கத்தை எந்தக் கனவாலும் பொய்ப்பிக்க முடியாது.

எண்ணிக்கை பார்த்த ஆய்வுகள் வேறு பக்கம் கை காட்டுகின்றன. கனடாவில் 1,181 பல்கலைக்கழக மாணவர்களிடம் கேட்டு 2003இல் வெளியான ஆய்வில், துரத்தப்படும் கனவுதான் முதலிடம். பொது இடத்தில் ஆடையின்றி நின்ற கனவு ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வாழ்வில் ஒருமுறையேனும் வந்திருந்தது. 1958இல் அமெரிக்க, ஜப்பானிய மாணவர்களை ஒப்பிட்ட ஆய்விலோ இந்தக் கனவு ஜப்பானியரிடம் குறைவாகவே இருந்தது. பொதுக் குளியல் வீட்டில் பலரோடு ஆடையின்றிக் குளிப்பது இயல்பாக இருந்த நாடு அது. இரண்டையும் நான் முடிச்சுப் போடுவது ஊகம்தான். ஆனாலும் வெறும் உடம்பு எங்கே மானக்கேடாகக் கருதப்படுகிறதோ அங்கேதான் அது கனவுக்குப் பொருளாகிறது என்று நினைக்க இடமுண்டு. தமிழில் இதை விளக்கவே வேண்டியதில்லை. ‘மானத்தை மறைக்க ஒரு துணி’ என்கிறோம். உடை மறைப்பதற்கும் ஊரில் தலைநிமிர்ந்து நடப்பதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். தூங்கும் மூளை அந்தச் சொல்லைக் காட்சியாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

இங்கே மூளை அறிவியலார் குறுக்கிடுவார்கள். 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் விழிகள் வேகமாக அசையும் உறக்கத்தைக் கண்டறிந்த பிறகு, கனவு என்பது மூளைத்தண்டிலிருந்து எழும் தாறுமாறான தூண்டல்களுக்கு மூளை ஒட்டுப்போட்டுத் தைக்கும் கதை என்ற கொள்கை 1977இல் வந்தது. பாதி ஒப்புக்கொள்ளலாம். அந்த உறக்கத்தில் அச்சத்தைக் கையாளும் பகுதிகள் விழித்திருக்கின்றன, சரிபார்க்கும் முன்மூளைப் பகுதி அடங்கிக் கிடக்கிறது. அதனால்தான் இப்படியே எப்படி வீட்டை விட்டு வந்தேன் என்று கனவில் நமக்குக் கேட்கத் தோன்றுவதில்லை. தசைகளும் கட்டுண்டு கிடக்கின்றன. நண்பன் உதவும் வேகத்துக்கு உவமை தேடிய வள்ளுவர், ஆடை நழுவும்போது தானாகப் பாயும் கையைத் தேர்ந்தெடுத்தார். கனவில் அந்தக் கைதான் வராமல் போகிறது. கட்டுண்ட உடலின் நிழல் கனவில் விழுகிறது என்று கருதலாம். ஆனால் தூண்டல் தாறுமாறானது என்றால், தைத்து வரும் சட்டை மட்டும் ஏன் இத்தனை பேருக்கு ஒரே அளவில் இருக்கிறது? நூல் எங்கிருந்து வந்தாலும் தையல் நம் கவலையுடையது.

இன்னொரு மறுப்பு வலுவானது. தினமும் கனவை எழுதிவைப்பவர்களின் குறிப்பேடுகளில் இத்தகைய கனவு மிக அரிதாகவே தென்படுகிறது. வாழ்நாள் முழுவதையும் கூட்டிக் கேட்கும்போதுதான் எண்ணிக்கை பெரிதாகிறது. உண்மை. ஆகவே ஒருமுறை வந்த கனவை வைத்து ஒருவரின் குணத்தை அளப்பது அபத்தம். ஆனால் அரிதாக வருவது ஆண்டுக்கணக்கில் மறக்காமல் இருப்பதற்குக் காரணம், அது தொடும் நரம்பு.

அந்த நரம்பு எது என்பதற்குக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த, 2000இல் வெளியான ஓர் ஆய்வு உதவுகிறது. மாணவர்களுக்குக் கூச்சம் தரும் ஒரு பாடகரின் படம் போட்ட பனியனை மாட்டிவிட்டுச் சக மாணவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது ஏறத்தாழ கால்வாசிப் பேர். விழித்திருக்கும்போதே கூட்டத்தின் கண்களை நாம் இரட்டிப்பாக எண்ணிக்கொள்கிறோம். பிராய்டு கண்ட அலட்சியக் கூட்டம் ஆசையின் வேலை என்று தோன்றவில்லை. கூட்டம் எப்போதும் அப்படித்தான் இருக்கிறது. புதிய வேலையில் சேர்ந்தவரும், மேடையேறப் போகிறவரும், கடனை மறைத்துக்கொண்டு உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போகிறவரும்தான் அதன் கண்களைத் தங்கள் மேல் பொருத்திக்கொள்கிறார்கள். எனவே அந்தக் கனவு வந்தால், எந்த இடம், யார் முன்னால் என்ற இரண்டை மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள். பலன் புத்தகத்தில் கிடைக்காதது அதில் கிடைக்கலாம்.

ஒரு விலக்கு உண்டு. வன்முறைக்கோ அத்துமீறலுக்கோ ஆளானவருக்கு ஆடை பறிபோகும் கனவு திரும்பத் திரும்ப வந்தால், மேலே சொன்ன கூச்சக் கணக்கு அதற்குப் பொருந்தாது. கெட்ட கனவின் முடிவைப் பகலில் மாற்றி எழுதி, அந்தப் புதிய முடிவை மனத்துக்குள் ஒத்திகை பார்க்கும் சிகிச்சை இருக்கிறது. பாலியல் வன்முறையிலிருந்து மீண்ட பெண்களிடம் அது கனவுகளின் தொல்லையைக் குறைத்ததாக 2001இல் ஆய்வு வெளியாயிற்று. அவர்கள் போக வேண்டியது பலன் சொல்பவரிடம் அன்று, மனநல மருத்துவரிடம்.