அணியம் திறந்த படகா, மூடிய படகா?

சுற்றுலாவுக்கு ஒரு மோட்டார் படகு வாங்கி ஓடினால் என்ன என்ற கதை எங்கட பெடியளிட்ட இப்ப அடிக்கடி அடிபடுது. போனில் காட்டுற படமெல்லாம் ஒரே மாதிரி: முன்பக்கம் மூடி, கண்ணாடி வைச்சு, கூர் மூக்கோடு பாயுற ஸ்பீட் போட். பார்க்க வடிவுதான். ஆனால் கண்டாவளைக்கு அது சரிவராது என்பதுதான் எங்கட கட்சி.

படகின் முன்பகுதியைத்தான் அணியம் என்பார்கள். அதை மேல்தட்டால் மூடினால் எதிரே வருகிற அலை உள்ளே விழாமல் இரண்டு பக்கமும் வழிந்து போகும். கீழே சாமானும் வைக்கலாம். திறந்து விட்டால் நாலு பேர் முன்னால் இருந்து காற்று வாங்கலாம், அலை ஏறினால் தண்ணீரும் உள்ளே வந்து குந்தும். குறிகட்டுவானில் இருந்து நெடுந்தீவுக்குப் போய் வருகிறவர்களைக் கேளுங்கள், மூடிய படகின் அருமை சொல்லுவார்கள். காற்றுக் காலத்தில் அந்தக் கடல் அப்படி.

எங்களிட்ட இருக்கிறது கடலில்லை, களப்பு. கனகராயன் ஆறு வந்து விழுகிற ஆழமில்லாத தண்ணி. வெயில் காலத்தில் பல இடம் வெறும் சேறு. தரை தட்டினால் இறங்கித் தள்ளத்தான் வேணும். ஏறி இறங்க இறங்குதுறையும் எல்லா இடத்திலும் இல்லை. அணியத்தைக் கரையில் முட்ட விட்டு, முன்னால் ஏற வேண்டியதுதான். திறந்த படகில் ஒரு அம்மம்மா கூடக் கைபிடிச்சு ஏறிடுவா. மூடிய படகில் வழுக்குகிற தட்டில் அவவை யார் ஏற்றுவது?

2018 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். இரணைமடுவின் கதவுகள் திறந்து கண்டாவளைப் பக்கம் தண்ணிக்குள் கிடந்தபோது சனத்தை ஏற்றி இறக்கப் படகுதான் வேண்டியிருந்தது. அப்படி ஒரு நாளுக்கும் உதவுகிற படகு எது என்பதையும் யோசித்துத்தான் காசு போட வேணும்.

சரி, திறந்த அணியம் ஆபத்தில்லையா? ஆபத்துத்தான். செல்பி எடுக்க எல்லாரும் முன்னுக்குப் போனால் மூக்குத் தாழும், சின்ன அலையே போதும். ஆனால் மூடியிருந்தால் காப்பாற்றும் என்பதும் பொய். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் கவிழ்ந்தது இரண்டு தட்டுச் சுற்றுலாப் படகு. 22 பேர் செத்தார்கள், பலர் வெளியே வர முடியாமல் உள்ளே அகப்பட்டவர்கள். 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் கவிழ்ந்ததோ அறை வைத்த படகில்லை, வெறும் மிதவை. அதிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனார்கள். எத்தனை பேரை ஏற்றுகிறோம் என்பதை மேல்தட்டு தீர்மானிக்காது.

இன்னொரு விசயம், வேகம். சுண்டிக்குளம் 2015 இல் இருந்து தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் உள்ளே ஓட ஏலாது. மாரியில் வெளியூர்ச் சனம் வருவதே பூநாரை பார்க்க. பெரிய இஞ்சின் போட்டு உறுமிக்கொண்டு போனால் எதைக் காட்டுவது, பறந்துபோன வானத்தையா?

எங்கட மீனவர் ஓட்டுகிற 18 அடிப் பைபர் படகு மாதிரி ஒன்று, சின்ன இஞ்சின், வெயிலுக்கு ஒரு துணிப் பந்தல். கெட்டுப்போனால் ஊரிலேயே திருத்தலாம். மிஞ்சுகிற காசுக்கு லைப் ஜக்கற் வாங்குவோம், சின்னப் பிள்ளைகளின் அளவிலும் சேர்த்து.