உப்புக்குக் கீத்து... ஆளுக்கு?

"மின்னல் தாக்கிப் பெண் பலி." பேப்பர்ல உள்பக்கம், மூலையில நாலு வரி. படிக்கிறோம், "ப்ச்... விதி"ன்னுட்டு அடுத்த பக்கம் சினிமாவுக்குப் போயிடறோம். இந்த 'விதி' மேலதான் எனக்குக் கடுப்பு.

விதின்னா எல்லாரையும் ஒரே மாதிரி பாக்கணும்ல? தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022ல மட்டும் இந்தியாவுல மின்னலுக்குச் செத்தவங்க 2,887 பேர். அந்த வருசம் இயற்கைச் சீற்றத்துல போன மொத்த உயிர்ல மூணுல ஒரு பங்குக்கும் மேல. இதுல ஆபீஸ்ல உக்காந்து பொட்டி தட்டினவங்க எத்தனை பேர் இருப்பாங்கன்னு நெனைக்கிறீங்க? 2025 அக்டோபர்ல கடலூர் மாவட்டம் கழுதூர்ல ஒரே நாள்ல செத்த 4 பெண்களும் மக்காச்சோளக் காட்டுல வேலை பார்த்தவங்க. வெட்டவெளியில கூலிக்கு நிக்கிறவங்க வீட்டு அட்ரஸ் மட்டும் விதிக்கு எப்படிங்க தெரியுது?

எங்க ராமநாதபுரம் பக்கம் வந்து பாருங்க. கடலோரம் பூரா பொட்டல். வாலிநோக்கம் உப்பளத்துல நின்னா கண்ணுக்கு எட்டுன தூரம் வரைக்கும் ஆள்தான் உசரம். கால் நிக்கிறதோ உப்புத் தண்ணியில. மின்னல் ஆள் மேல நேரா விழணும்னுகூட இல்ல, பக்கத்துல இறங்கினாலே ஈரத் தரை வழியா பாயும். ஒதுங்க இருக்கிறது பனைமரம். அது அதவிட மோசம், மரத்துல இறங்குறது பக்கத்துல நிக்கிற ஆள் மேல தாவும்.

கோடையிலதான் உப்பு நல்லா விளையும். மதியத்துக்கு மேல மேகம் கூடி இடி மழை இறங்குறதும் அதே கோடையிலதான். எங்க அத்தை இருபது வருசம் உப்பு வாரினவங்க. "இடி இடிச்சா என்ன அத்தே பண்ணுவீக?"ன்னு ஒருதடவை கேட்டேன்.

"என்னத்தப்பு பண்ண? அப்பத்தான் கங்காணி கத்துவாரு. வெரசா அள்ளு, கீத்தப் போட்டு மூடுன்னு. மழையில உப்பு கரைஞ்சிருமுல்ல?"

யோசிச்சுப் பாருங்க மக்களே. ஓட வேண்டிய அந்தப் பத்து நிமிசத்துலதான் வேலையோட வேகம் கூடுது. உப்பு அம்பாரத்துக்குக் கீத்து. மூடுற ஆளுக்கு வானம்.

உடனே ஒருத்தர் வருவார், "தாமினி ஆப் இருக்கே, 20, 40 கிலோமீட்டர் சுத்துவட்டத்துல மின்னல் இருந்தா சொல்லிருமே"ன்னு. இருக்கு சார். புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் செஞ்ச நல்ல ஆப், நான் குறை சொல்லல. ஆனா அத்தைக்கு இடி வருதுன்னு தெரியாமலா நின்னாங்க? வானத்தைப் பாத்தாலே தெரியும். தெரிஞ்சும் கிளம்ப முடியல, கிளம்பினா அரைநாள் கூலி போச்சு. அதுக்கு எந்த ஆப்ல நோட்டிஃபிகேஷன் வரும்?

இதே கடற்கரையில புயலுக்கு என்ன நடக்குது? பாம்பன்ல எச்சரிக்கைக் கூண்டு ஏறும். மீன்வளத்துறை டோக்கன் தராது, ராமேஸ்வரம் விசைப்படகு கடலுக்குப் போகாது. 1964 டிசம்பர்ல தனுஷ்கோடி ரயிலோட போனதுக்கு அப்புறம் புயலை இங்க யாரும் விதின்னு சொல்லிட்டு சும்மா இருக்கிறதில்ல. மின்னல் அப்படி ஊரையே தூக்கல. அங்க ஒண்ணு, இங்க ஒண்ணுன்னு எடுக்குது. அதனால கூண்டும் இல்ல, "வேலையை நிறுத்து"ன்னு சொல்ல ஒரு ஆளும் இல்ல. செத்த பிறகு லட்சக்கணக்குல நிவாரணம் மட்டும் உண்டு. அந்த அரைநாள் கூலிய முன்னாடியே குடுத்திருந்தா?

வேலை செய்யாத நேரத்துக்கு எப்படிக் காசுன்னு கேக்கறவங்களுக்கு: அக்டோபர்-டிசம்பர்ல வேலையில்லாத உப்பளத் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் அறிவிச்சது. அந்த நியாயத்தைத்தான் கோடை இடிக்கும் நீட்டச் சொல்றேன்.

கேக்கிறது பெருசா ஒண்ணும் இல்ல. இடிச் சத்தம் கேட்டா வேலை நிக்கணும், கடைசி இடி கேட்டு 30 நிமிசம் வரைக்கும் யாரும் பாத்தியில இறங்கக் கூடாது, அந்த நேரத்துக்குக் கூலி வெட்டக் கூடாது. ஓடி ஒதுங்குற தூரத்துல இடிதாங்கி வச்ச ஒரு கான்கிரீட் ரூம் வேணும், கீத்துக் கொட்டகை இல்ல.

"கரைஞ்ச உப்புக்கு யார் பொறுப்பு?"ன்னு முதலாளி கேப்பார். உப்பு கரைஞ்சா அடுத்த வெயிலுக்குத் திரும்ப விளையும் அண்ணாச்சி. ஆள் போனா?

டிஸ்கி: மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல 3 செகண்டுக்கு ஒரு கிலோமீட்டர்னு கணக்கு. 30 செகண்டுக்குள்ள சத்தம் கேட்டா உடனே கட்டடத்துக்குள்ள போயிடுங்க. மின்னல் அடிச்ச ஆளைத் தொட்டா ஷாக் அடிக்காது. தள்ளி நின்னு வேடிக்கை பாக்காம 108க்குச் சொல்லிட்டு, மூச்சு இல்லேன்னா நெஞ்சை அழுத்துங்க. பொழைக்க வைக்க முடியும்.