முதல் எண்ணைப் படிக்காத சந்தை: பெருவிட்டத் துப்பாக்கியும் ‘குறைதிறன்’ ஸ்கோப்பும்

“எவ்வளவு உயரம்?” என்று கேட்பவர், கேட்கப்படுபவரை உயரமானவர் என்று முடிவுசெய்துவிட்டுக் கேட்பதில்லை. “எவ்வளவு குட்டை?” என்னும் கேள்வியோ குட்டை என்பதை முன்பே ஏற்றுக்கொண்டு எழுகிறது. எதிர்ச்சொல் இணைகளில் ஒன்று பொதுநிலையிலும் மற்றது குறையைச் சுட்டும் நிலையிலும் நிற்பதை மொழியியல் நெடுங்காலமாக விளக்கிவருகிறது. இந்தப் பழக்கம் பொருள் வாங்கும் இடத்தில் என்ன செய்கிறது என்பதற்குத் துப்பாக்கி ஸ்கோப்புகளின் சந்தை நல்ல சான்று. உருப்பெருக்கத்தை ஆங்கிலம் ‘பவர்’ என்கிறது. ஆகவே ஒன்று முதல் நான்கு அல்லது ஆறு மடங்கு வரை மட்டும் பெருக்கிக் காட்டும் கருவிக்கு ‘லோ பவர்’ என்று பெயர் விழுந்துவிட்டது. யானையையும் காட்டெருமையையும் வீழ்த்தவல்ல துப்பாக்கியின்மேல், வலுக் குறைந்தது என்று பெயரிலேயே அறிவிக்கும் ஒன்றைப் பொருத்த வாங்குபவருக்கு மனம் வருவதில்லை. அப்படியே வாங்கினாலும் 1-4, 1-6, 1-8 என்னும் வரிசையில் இரண்டாம் எண்ணையே பார்க்கிறார். பார்க்க வேண்டியது முதல் எண்ணை.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பிறகு இது நடைமுறைக் கேள்வியாக இல்லை. இங்குள்ள வாசகர்களுக்குப் பெருவேட்டை என்பது ஜிம் கார்பெட், கென்னத் ஆண்டர்சன் ஆகியோரின் நூல்களோடு முடிந்துபோன உலகம். அவர்கள் திறந்த குறிகளை வெறுங்கண்ணால் நோக்கிச் சுட்டவர்கள். ஆனால் ஜிம்பாப்வே, தான்சானியா போன்ற நாடுகளில் உரிமம் பெற்ற காட்டெருமை வேட்டை இன்றும் நடக்கிறது. அங்கு கைக்கொள்ளப்படுபவை 1912இல் வந்த .375 ஹாலண்ட் அண்டு ஹாலண்ட் மேக்னம், 1911இன் .416 ரிக்பி, 1956இன் .458 வின்செஸ்டர் மேக்னம் போன்ற தோட்டாக்கள். வேட்டை சரியா தவறா என்பது வேறு விவாதம். அது நடக்கும் இடத்தில், காயத்தோடு தப்பியோடும் விலங்கின் வேதனையும் அதைத் தேடிச் செல்லும் மனிதர்களின் உயிரும் கருவித் தேர்வோடு பிணைந்திருக்கின்றன என்பதை இரு தரப்பினரும் மறுக்க முடியாது.

காட்டெருமை பெரும்பாலும் 100 மீட்டருக்கு உட்பட்ட தொலைவிலேயே சுடப்படுகிறது. அடர்புதரில் அது 30 மீட்டராகவும் குறையும். முதல் குண்டு சற்றே பிசகினால் மறுமுறை அது எதிர்ப்படுவது 15 மீட்டரில், புதரைப் பிளந்துகொண்டு. இங்கே கணக்கு எளிது. நல்ல ஸ்கோப் ஒன்று, ஒரு மடங்கில் வைத்தால், 100 மீட்டரில் ஏறத்தாழ 40 மீட்டர் அகலத்தைக் காட்டும். ஆறு மடங்கில் அது 7 மீட்டர் அளவுக்குச் சுருங்கும். 15 மீட்டருக்கு இதை இறக்கினால், ஒரு மடங்கில் 6 மீட்டர். ஆறு மடங்கிலோ ஒரு மீட்டர். அந்த ஒரு மீட்டர் வட்டத்தில் தெரிவது விலங்கல்ல, கருமையான தோல். அது தலையா தோளா என்று பிரித்தறியக் கிடைக்கும் நேரம் ஒன்றிரண்டு நொடிகள். ஒரு மடங்கில் வேட்டைக்காரர் இரு கண்களையும் திறந்தே வைத்திருக்கலாம். குறுக்கிழை காட்சியின்மேல் மிதப்பதுபோல் நிற்கும்.

அவருக்கு முன்னால், தரையில் கண் பதித்து, இரத்தத் துளிகளையும் குளம்புத் தடங்களையும் தொடர்ந்து நடப்பவர் தடம் பார்ப்பவர். பெரும்பாலும் அவர் கையில் துப்பாக்கி இருப்பதில்லை. ஸ்கோப் விளம்பரங்களில் இவர் இடம்பெறுவதில்லை. தவறான தேர்வின் விலையை முதலில் கொடுக்கக்கூடியவர் இவரே.

சந்தை இப்படி அமைந்ததற்குக் காரணம் வேட்டை அன்று. ஒரு மடங்கில் தொடங்கும் ஸ்கோப்புகளின் இன்றைய வளர்ச்சியை வழிநடத்துவது இராணுவமும் ஏ.ஆர்-15 வகைத் துப்பாக்கி வைத்திருப்போரும்தான். 2020இல் அமெரிக்க மரைன் படை ட்ரிஜிகான் நிறுவனத்தின் 1-8 ஸ்கோப்பைத் தேர்ந்தெடுத்தது இதற்கு ஓர் அடையாளம். அத்துப்பாக்கிகளின் பின்னுதைப்பு மிகச் சிறியது. .375இன் உதைப்பு அதைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு; .458 அதையும் தாண்டும். எனவே கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையே எவ்வளவு தொலைவு வேண்டும் என்னும் கேள்வி ஏ.ஆர்-15காரருக்கு வசதி பற்றியது. பெருவிட்டத் துப்பாக்கிக்காரருக்கோ புருவம் பற்றியது. 9 சென்டிமீட்டருக்குக் குறைந்த எதையும் அவர் தொடக்கூடாது. பத்து இருந்தால் நல்லது. சில கருவிகளில் உருப்பெருக்கம் ஏற ஏற இத்தொலைவு குறைந்துகொண்டே போகும் என்பதையும் கடையில் கேட்டறிய வேண்டும். ஒருமுறை புருவம் கிழிந்தவர் அடுத்த முறை விசையை அழுத்துமுன் கண்ணை மூடுவார். பயிற்சியால் அதைப் போக்குவது கடினம்.

எடையும் இவ்வாறே. துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும்போது ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்க முயல்கிறது. இழுத்துப் பிடிப்பவை சில சிறு திருகுகள். எளிய 1.5-5 ஸ்கோப் 300 கிராமுக்கு உட்பட்டே கிடைக்கிறது. 1-8 வகைகள் பலவும் 500 கிராமைத் தாண்டுகின்றன. எடை இரட்டித்தால் திருகுகளின் மீதான இழுவிசையும் இரட்டிக்கும்.

அந்தி வெளிச்சத்திற்கு அதிகப் பெருக்கம் தேவை என்னும் வாதம் அடிக்கடி எழுகிறது. முன்கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 24 மில்லிமீட்டர் கண்ணாடியில் நான்கு மடங்குக்கு அது 6 மில்லிமீட்டர், ஆறுக்கு 4, எட்டுக்கு 3. இருளில் மனிதக் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியும். அதாவது, வெளிச்சம் மங்கும் நேரத்தில் 1-8இன் எட்டு காட்சியை இருட்டடிக்கிறது. பெரிய எண்ணுக்குக் கொடுத்த பணம் பயன்படாமல் போவது சரியாக அப்போதுதான். இரையைக் கட்டிவைத்துச் சிறுத்தைக்காகக் காத்திருப்பவருக்கு 40 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட முன்கண்ணாடி தேவை என்பது நியாயமே. அது வேறு வேலை. அதற்கு வேறு ஸ்கோப். மந்தையில் முதிர்ந்த காளை எது என்று பார்க்க ஆறு மடங்கு வேண்டும் என்போரும் உண்டு. அதற்கு இருகண் தொலைநோக்கி இருக்கிறது. குண்டேற்றிய குழலை நீட்டிக்கொண்டு எதையும் தேடக்கூடாது.

ஆகவே, .375 அல்லது .416 வைத்திருப்பவருக்கு 1-4 அல்லது 1.5-5 போதும். முன்பகுதி அகலாத நேர்குழல் என்றால் குழலுக்கு நெருக்கமாகத் தாழ்வாகப் பொருத்தலாம். கன்னம் கட்டையில் படும் இடம் மாறாது. குறுக்கிழை ஒரு மடங்கிலும் தடிப்பாகத் தெரிய வேண்டும். நடுவில் ஒளிரும் புள்ளி, வெயிலிலும் கண்ணில் படுமளவு இருந்தால், பணத்திற்குத் தகும். கருவியின்றிக் கையாலேயே கழற்றக்கூடிய பிடிகளும், கழற்றியபின் கீழே ஒழுங்காகச் சரிபார்க்கப்பட்ட திறந்த குறிகளும் இருக்க வேண்டும், ஏனெனில் காயம்பட்ட விலங்கின் பின்னே புதருக்குள் நுழையுமுன் ஸ்கோப்பையே எடுத்துவிடுவோர் பலர். எடுக்காதவர் மடங்கு வளையத்தை நடக்கும்போது கடைசிவரை கீழ்நோக்கித் திருகியே வைத்திருக்க வேண்டும். நான்கு மடங்கு வேண்டிய தொலைவில் காட்டெருமை நின்றால் வளையத்தைத் திருப்ப நேரம் இருக்கும். ஒரு மடங்கு வேண்டிய தொலைவில் இருக்காது.